பூனைக்குச் சிறுநீர்க் கோளாறா? சாப்பாட்டுத் தட்டைக் கவனியுங்கள்

சென்ற நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு என் ராத்தா வீட்டில் நடந்தது இது. அவர்கள் வீட்டில் சுல்தான் என்று ஓர் ஆண் பூனை. வயது ஐந்து, எடை ஆறு கிலோ, பிள்ளைகளின் செல்லம். மணல் தட்டைத் தவிர வேறெங்கும் அசுத்தம் செய்தறியாத அந்தப் பூனை திடீரென்று ஒரு நாள் மச்சானுடைய முஸல்லாவில் சிறுநீர் கழித்துவிட்டது. துவைத்துக் காயப்போட்டார்கள். மறுநாள் மெத்தையில். அதற்கு மறுநாள் குளியலறைத் தரையில். தொழுகிற இடத்தின் சுத்தத்தில் மச்சான் மிகவும் கறாரானவர். "சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். மூத்தவன் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது சின்ன மகள் ஒன்றைக் கவனித்தாள். குளியலறைத் தரையில் இருந்தது சில சொட்டுகள்தான். அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில்.

மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய சுல்தான் கால்நடை மருத்துவமனைக்குப் போனான். சிறுநீர்ப்பையில் வீக்கம், மணல் போன்ற துகள்கள், சிறுநீரில் இரத்தம். மணல் தட்டில் உட்காரும்போதெல்லாம் வலித்ததால், வலிக்காத இடம் கிடைக்குமா என்று வீடெல்லாம் தேடியிருக்கிறான். முஸல்லா மிருதுவாக இருந்தது, அவ்வளவுதான். அதைச் சேட்டை என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

நம் பகுதியில் பூனை இல்லாத தெரு கிடையாது. பூனையின் எச்சில் அசுத்தமில்லை என்பதும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எச்சில் சுத்தமென்றாலும் பூனையின் சிறுநீர் நஜீஸ் என்பதால், நோயுற்ற பூனை நம் வீடுகளில்தான் அதிகம் விரட்டப்படுகிறதோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. விரட்டுவதற்கு முன்பு ஒரு முறை பரிசோதனை செய்து பாருங்கள். பெரும்பாலும் மருந்தைவிடச் சாப்பாட்டுத் தட்டிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் செய்கிற மாற்றம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை

உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு இதைச் சொல்லியாக வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. துகள்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேற வழியில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குழம்பி, ஓரிரு நாட்களில் பூனை இறந்துவிடும்.

அடையாளம் என்ன? அடிக்கடி மணல் தட்டுக்குப் போகும், முக்கும், கத்தும், ஒன்றும் வராது. பிறப்புறுப்பை ஓயாமல் நக்கும். நேரம் போகப் போக வாந்தி எடுக்கும், சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வயிற்றைத் தொட்டால் பந்து போலக் கெட்டியாக இருக்கும், தொடவே விடாது. நம்மில் பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டு ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாள்தான் உயிர்.

இந்த நிலையில் எந்த உணவும், எந்தக் கைமருந்தும் பலன் தராது. நள்ளிரவானாலும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. தனியார் மருத்துவமனைச் செலவுக்கு அஞ்சுபவர்கள், சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த அரசு மருத்துவமனைகள் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அரசுக் கால்நடை மருந்தகமும் இருக்கிறது.

பாலைவனத்துப் பிராணி

நம் வீட்டுப் பூனையின் மூதாதை அரபகம், எகிப்து, சிரியா பக்கத்து வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை. அங்கே நீர்நிலை அரிது. எலியையும் பறவையையும் பிடித்துத் தின்று, அந்த இரையின் உடலில் உள்ள நீரைக் கொண்டே வாழப் பழகியது. எலியின் உடலில் கிட்டத்தட்ட 70 சதவீதம் நீர்தான். ஆகவே பூனைக்குத் தாக உணர்வு குறைவு. சிறுநீரைச் சுண்டக் காய்ச்சியது போல அடர்த்தியாக்கி, நீரைச் சேமிக்கும் ஆற்றல் அதிகம்.

இந்தப் பிராணிக்குத்தான் நாம் இன்று காய்ந்த உருண்டைகளைப் போடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, சாப்பாட்டில் உள்ளதும் குடிப்பதும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி நீர் தேவை. ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் வரும் உலர் தீனியில் நீர் 10 சதவீதம்தான். நாளுக்கு 60 கிராம் தின்றால் 6 மில்லி கிடைக்கும். மீதி 194 மில்லியைக் கிண்ணத்திலிருந்து குடிக்க வேண்டும். தாகமே அவ்வளவாக எடுக்காத பூனை அதைக் குடிப்பதில்லை. ஈரத் தீனியில் 80 சதவீதம் வரை நீர் உண்டு. 85 கிராம் பாக்கெட் மூன்று கொடுத்தால், கிண்ணத்தைத் தொடாமலேயே 200 மில்லி உள்ளே போய்விடுகிறது.

உலர் தீனி தின்கிற எல்லாப் பூனைக்கும் இந்த நோய் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உடல் பருத்த, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற ஆண் பூனைக்கு உலர் தீனி மட்டுமே என்றால் ஆபத்து கூடுகிறது. சுல்தானுக்கு இந்த நான்கும் பொருந்தின.

எந்த வகைக் கோளாறு என்று தெரியாமல் உணவை மாற்றாதீர்கள்

"என் பூனைக்கும் இப்படித்தான் இருந்தது, இந்தத் தீனியைப் போட்டேன், சரியாகிவிட்டது" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சிறுநீர்க் கோளாறு என்பது ஒரே நோய் அல்ல.

பாதிக்கு மேற்பட்ட பூனைகளுக்குக் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. சிறுநீர்ப்பை தானாக வீங்கிப் புண்ணாகும். மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். இளம் பூனைக்குக் கிருமித் தொற்று அபூர்வம். பத்து வயதைக் கடந்த, சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ள பூனைக்குத்தான் அது அதிகம். ஆகவே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் புகட்டுவது பெரும்பாலும் வீண்.

மீதிப் பூனைகளில் பலவற்றுக்குத் துகளும் கல்லும். அதிலும் முக்கியமாக இரண்டு வகை. ஸ்ட்ருவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த கல். சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டி, மெக்னீசியத்தையும் பாஸ்பரஸையும் குறைத்த சிகிச்சை உணவைக் கொடுத்தால் இது சில வாரங்களில் கரைந்துபோகும். கத்தி வைக்கத் தேவையில்லை. மற்றது கால்சியம் ஆக்ஸலேட். இது எந்த உணவுக்கும் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். அமிலத்தன்மை கூடிய சிறுநீரில் இது உருவாகும் வாய்ப்பும் அதிகம். அதாவது, முதல் கல்லுக்கு மருந்தாகும் உணவு இரண்டாவது கல்லுக்குப் பகையாகலாம்.

இதற்கு ஒரு வரலாறே உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் பிராணிகளின் சிறுநீர்க் கற்களைச் சேகரித்து ஆராய்கிற மையம் ஒன்று செயல்படுகிறது. அந்தக் காலத்தில் பூனைகளிடமிருந்து வந்த கற்களில் ஸ்ட்ருவைட்தான் மிக அதிகம். அதைத் தடுப்பதற்காகத் தீனி நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து அமிலத்தன்மையைக் கூட்டின. ஸ்ட்ருவைட் குறைந்தது; அடுத்த பத்திருபது ஆண்டுகளில் ஆக்ஸலேட் கூடிவிட்டது.

எனவே வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தண்ணீரில் கலந்து கொடுக்காதீர்கள். நமக்குக் கல்லடைப்பு என்றால் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் குடிக்கிறோம். அதையே பூனைக்கும் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூனை அதை விரும்பிக் குடிக்காது. பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும், பயமும் கூடும். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து, எந்த வகை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

எல்லா வகைக்கும் பொதுவான மருந்து தண்ணீர்

வகை எதுவானாலும் சிறுநீர் நீர்த்துப் போனால் நல்லது. துகள்கள் சேர நேரமிருக்காது, அடிக்கடி வெளியேறிவிடும், புண்பட்ட சிறுநீர்ப்பைச் சுவரில் எரிச்சலும் குறையும். கல் இல்லாத அழற்சி வந்த பூனைகளை ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. உலர் தீனி தின்றவற்றில் 39 சதவீதத்துக்கு நோய் திரும்ப வந்தது. அதே வகை உணவை ஈரமாகத் தின்றவற்றில் 11 சதவீதத்துக்குத்தான் வந்தது.

ஆனால் மூன்று வேளையும் ஈரப் பாக்கெட் வாங்கக் கட்டுப்படியாகிற குடும்பங்கள் எத்தனை? ராத்தா வீட்டில் செய்தது இது: காலையும் இரவும் ஈரத் தீனி, அதிலும் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து குழம்பு போல. மதியம் உலர் தீனியை, அது மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடுப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஊறிய தீனி சீக்கிரம் புளித்துவிடும். ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியும் அதன் தண்ணீரும் நல்ல துணை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனைக்குக் கண்டிப்பாகத் தேவையான டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பது 1987இல் கண்டறியப்பட்டது. அதே காரணத்தால், வெறும் கோழிக்கறியை மட்டும் மாதக் கணக்கில் போட்டு வளர்க்க முடியாது. கால்சியம் முதலிய பலவும் அதில் போதாது. முழு உணவுக்குத் துணையாக மட்டும் வையுங்கள்.

இனி கிண்ணம். சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் மணல் தட்டுக்குப் பக்கத்திலும் தண்ணீர் வைத்தால் பல பூனைகள் குடிக்காது. வீட்டில் மூன்று நான்கு இடங்களில், வாய் அகன்ற பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில், விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். காலையும் மாலையும் கழுவி மாற்றுங்கள். தேங்கிய நீரைவிட ஓடுகிற நீரையும் சொட்டுகிற நீரையும் பூனை விரும்பும். உளூச் செய்யும்போது குழாயடியில் வந்து நிற்கிறதே, அதற்காகத்தான். அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததாக ஹதீஸில் வருகிறது. நாமும் ஒரு நிமிடம் குழாயை மெல்லத் திறந்து விடலாம்.

நம் அடுப்படியிலிருந்து எதைக் கொடுக்கக்கூடாது

கருவாடுதான் முதல் எதிரி. பூனை ஆசையாகத் தின்னும், ஆனால் உப்பு மிக அதிகம். முள்ளோடு கொடுத்தால் தாதுப்பொருளும் அதிகம். "உப்பு தின்றால் தண்ணீர் குடிக்குமே" என்று கேட்பார்கள். சில சிகிச்சை உணவுகளில் அந்த நோக்கத்தில் உப்பை அளந்து சேர்ப்பது உண்மைதான். அது கிராம் கணக்கு. சிறுநீரகமோ இதயமோ பழுதான பூனைக்கு அந்த உணவையும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். கருவாட்டில் அளவேது?

வெங்காயமும் பூண்டும் பச்சையானாலும் வெந்தாலும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே பிரியாணிக் கறி, மீன் குழம்பு, ஆணம் எதுவும் வேண்டாம். நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். இஃப்தார் நேரத்தில் மிஞ்சிய கஞ்சியைப் பூனைத் தட்டில் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அதில் வெங்காயம், பூண்டு, உப்பு மூன்றும் உண்டு.

மீன் கூடவே கூடாதா என்றால், அப்படியில்லை. வாரத்தில் ஓரிரு நாள், முள் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்துச் சிறிது கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற ஒரு பொருள் உண்டு, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்காகும்; அதில் நீர் இழப்புதான் மிச்சம். குர்பானி நாட்களில் கொழுப்பும் எலும்பும் தெருவெல்லாம் கிடைக்கும். நோயுள்ள பூனையை அந்த மூன்று நாட்கள் வெளியே விடாமல் இருப்பது நல்லது.

சிகிச்சை உணவும் அதன் லேபிளும்

மருத்துவர் சிறுநீர்க் கோளாறுக்கான சிகிச்சை உணவை எழுதிக் கொடுத்தால், அதை மட்டும் கொடுக்க வேண்டும். இடையில் பிஸ்கட், கருவாட்டுத் துண்டு, சாதாரணத் தீனி என்று கலந்தால் சிறுநீரின் தன்மை மாறாது, வாங்கிய காசும் வீண். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் பெரிய சோதனை. நன்னிமார்கள் இரக்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிடுவார்கள்! அவர்களிடம் நோயை எடுத்துச் சொல்லுங்கள். கர்ப்பமான பூனைக்கும் குட்டிக்கும் இந்த உணவு ஏற்றதல்ல என்பதால், வீட்டில் வேறு பூனை இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள். எத்தனை வாரம் கொடுப்பது, எப்போது திரும்பப் பரிசோதிப்பது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் வீடுகளில் எழுகிற இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாட்டுத் தீனி வகைகள் சிலவற்றில் பன்றி இறைச்சியோ ஈரலோ சேர்கிறது. லேபிளில் 'போர்க்' என்று இருந்தால் தெரிந்துவிடும். 'அனிமல் பை-ப்ராடக்ட்' என்று மட்டும் இருந்தால் எந்தப் பிராணி என்று தெரியாது. பன்றியை விற்பது ஹதீஸில் தடுக்கப்பட்டது. ஆகவே கோழி, மீன் என்று தெளிவாகக் குறித்த வகை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. அப்படிக் கிடைக்காமல் உயிர் காக்க வேறு வழியில்லை என்ற நிலை வந்தால் உங்கள் ஆலிமிடம் சட்டம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றத்தை மெதுவாகச் செய்யுங்கள்

உலர் தீனிக்குப் பழகிய பூனை ஈரத் தீனியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். "பசித்தால் தின்னட்டும்" என்று விடக்கூடாது. பூனை, அதுவும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் கொழுப்பு ஈரலில் சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும். பழைய தீனியில் நாலில் ஒரு பங்கு புதியது, இரண்டு நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழும், தின்னும். சுல்தான் முழுதாக மாற மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் ராத்தா அழாத குறைதான்.

எடையையும் குறைக்க வேண்டும், பட்டினி போட்டல்ல. தட்டை எப்போதும் நிரப்பி வைக்காமல், அளந்து மூன்று நான்கு வேளையாகக் கொடுத்தாலே இறங்கும்.

வீட்டில் நிம்மதி இருக்கிறதா?

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கல் இல்லாமல் வருகிற அழற்சியில், பூனையின் சுற்றுப்புறத்தைச் சீராக்கினாலே நோய் திரும்புவது குறைகிறது என்று கண்டார்கள். கல்யாண வீட்டுக் கூட்டம், புதுக் குழந்தை, கட்டட வேலை, புதிதாக வந்த இன்னொரு பூனை, எல்லாமே அதற்கு அழுத்தம்தான். விருந்தாளிகள் வருகிற நாட்களில் ஒரு மூலையறையில் தட்டு, தண்ணீர், மணல் மூன்றையும் வைத்து அதைத் தனியே விட்டுவிடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு மணல் தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்று இருக்கட்டும், தினமும் அள்ளுங்கள். அழுக்கான தட்டைப் பார்த்துப் பூனை அடக்கிக்கொள்ளும். சிறுநீர் கழித்ததற்காக அடித்தாலும் அடக்கிக்கொள்ளும், நோய் இன்னும் முற்றும்.

மணலை அள்ளும்போது ஈரக் கட்டிகளை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு வரை, நடுத்தர அளவில் இருந்தால் நல்லது. ஈரத் தீனிக்கு மாறியபின் கட்டிகள் பெரிதாகும். அது நல்ல செய்தி. நிறையச் சிறு கட்டிகள் என்றாலோ, ஒரு நாள் முழுக்க ஒன்றுமே இல்லை என்றாலோ தாமதிக்காதீர்கள். ராத்தா வீட்டில் சின்ன மகளின் வேலை இது. பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாள்.

அடுத்த மாதம் ராத்தாவும் மச்சானும் உம்ராவுக்குப் போகிறார்கள். சுல்தான் பக்கத்து வீட்டில் இருப்பான். எந்தத் தீனி, எத்தனை கரண்டி வெந்நீர், கருவாடு கூடாது, எந்த மருத்துவரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. எழுதியது மச்சான்தான்.